எட்டுக்கால் கூலி ஆள்

என் மாமியார் வீட்டில் உட்கார நிறைய இடம் உண்டு. யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்து விருந்துக்குப் போன முதல் நாள், கட்டிலில் உட்கார்ந்தேன். புது வேட்டி. அத்தை உள்ளேயிருந்து வந்தார். என் முன்னால் மல்பரிக் கட்டு ஒன்றைப் போட்டார்.

“மாப்ள, கை சும்மாதானே இருக்குது?”

“ஆமாங்க அத்தை.”

“இந்த எலைய உருவிப் போடுங்க. சோறு ஆவறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

உருவினேன். மல்பரிப் பால் வேட்டியில் பட்டது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. மாப்பிள்ளையை முதல் நாளே வேலை வாங்கிய மாமியார் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்கள் கையிலும் ஒரு கட்டைக் கொடுத்தார். பேச்சு நின்றது.

அத்தைக்கு ஒரே பெண். மாமனார் முன்பே இறந்துவிட்டார். அதனால் நான் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனேன். நல்லம்பள்ளியிலிருந்து வத்தல்மலை அடிவாரம் போகிற வழியில் ஊர். நான் மரம் அறுக்கிற ஆள். அத்தைக்கு மல்பரித் தோட்டம். ஒரு கொட்டகை நிறைய பட்டுப்புழு. அப்போது எங்கள் பக்கம் பாதி ஊர் புழு வளர்த்தது.

பட்டுப்புழுவுக்குத் தின்பதுதான் வேலை. நடுவில் நான்கு முறை தோல் உரிக்கும். உரிப்பதற்கு முன்னால் தின்பதை விட்டுவிடும். தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே அசையாமல் நிற்கும். அதை எங்கள் பக்கம் ஜொரம் என்பார்கள். காய்ச்சல் இல்லை, பேர் அப்படி. ஜொரத்தில் இருக்கிற புழுவைத் தொடக்கூடாது. தட்டை ஆட்டக்கூடாது. இலை போடக்கூடாது. அத்தை வீட்டில் சும்மா இருக்க உரிமை உள்ள உயிர், ஜொரத்தில் இருக்கிற புழு ஒன்றுதான்.

மற்ற எல்லோருக்கும் வேலை இருந்தது. நாய்க்கு எலி பிடிக்கிற வேலை. அது பூனையின் வேலை என்று நாய்க்கு யாரும் சொல்லவில்லை. அது பிடித்தது. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அத்தையின் வாய் ஜெபிக்கும், கை இலை நறுக்கும். பங்குச் சாமியார் ஒருமுறை வீடு மந்திரிக்க வந்தார். கட்டில் கயிறு தொய்ந்திருந்தது.

“சாமி, ஜெபம் சொல்லிக்கிட்டே இந்த முனையப் புடிச்சி இழுங்க. எனக்கு ஒரு ஆளு கொறையுது.”

சாமியார் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு இழுத்தார். கட்டில் இறுகியது. வீடும் மந்திரித்து முடிந்தது.

இப்படிப்பட்டவருக்குக் கண்ணில் புரை, எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. இரண்டு கண்ணிலும்.

முதலில் இடது கண். தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டார்கள். அறுத்துக் கட்டுப் போட்டுப் பாயில் படுக்க வைத்தார்கள். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது என்றார்கள். அத்தை ஒரு நாள் படுத்தார். மறுநாள் யாரோ தரை கூட்டுகிற சத்தம் கேட்டது. துடைப்பம் தரையில் முழுதாகப் படவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்ததாம். எழுந்து போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினார். கட்டுப் போட்ட கண்ணோடு, குனிந்து, அந்த அறையைக் கூட்டினார்.

தையல் விட்டுவிட்டது. அந்தக் கண் போனது.

“இப்படிப் பண்ணிட்டியேம்மா” என்று என் மனைவி அழுதாள்.

“கூட்டினது சுத்தமா இருந்துச்சா இல்லியா? அதக் கேளு.”

மிச்சம் வலது கண். அதுவும் மங்கிக்கொண்டே வந்தது. ஆட்களை உருவத்தை வைத்தும் செருப்புச் சத்தத்தை வைத்தும் கண்டுபிடித்தார். டாக்டர் சொல்லிவிட்டார்.

“இது ஒண்ணுதாம்மா பாக்கி. அடுத்த வருஷ முகாமுக்கு வாங்க. ஆனா ஆடுனீங்கன்னா இதுவும் போச்சு. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அத்தைக்குக் கத்தி பயமில்லை. படுப்பதுதான் பயம்.

“ஒரு வாரம் படுத்துக்கிட்டு என்னா பண்றது மாப்ள?”

“படுத்திருக்கணும்ங்க.”

“அதான் கேக்கறேன். படுத்துக்கிட்டு என்னா பண்றது?”

கண் போனால் ஆயுசு முழுக்கச் சும்மா உட்கார வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவரால் படுக்க முடியாது. என் மனைவி அந்த வருஷம் முழுவதும் இதை நினைத்து அழுதாள். இலை நறுக்கிக்கொண்டே அழுதாள்.

அந்த வருஷம்தான் அது வந்தது.

தோட்டத்து ஓரத்தில் பாதி பட்டுப்போன புளியமரம். அறுத்துச் சாய்த்தோம். அடிமரத்தில் பொந்து. அதிலிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்தது. விரித்த கை அகலம். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் மயிர், கால் மடிப்பில் புலி மாதிரி மஞ்சள் பட்டை. என்னோடு அறுத்த இரண்டு பேர் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. கால் வரவில்லை.

அத்தை கஞ்சிப் பானையோடு வந்தார்.

“என்னாது அது, கருப்பா?”

“செலந்திங்க அத்தை. பெருசு.”

“எவ்வளவு பெருசு?”

“கை அகலம்ங்க.”

“ஈ புடிக்குமா?”

“செலந்தின்னா ஈ புடிக்கும்ங்க.”

“அப்ப எடுங்க அத.”

காரணம் இருந்தது. அந்தச் சமயம் எங்கள் பக்கம் ஊசி ஈ என்று ஒரு புது ஈ வந்திருந்தது. பட்டுப்புழு மேல் உட்கார்ந்து முட்டை வைக்கும். புழு செத்துப்போகும். இல்லையென்றால் கூடு ஓட்டையாகும். கொட்டகை கொட்டகையாகப் போனது. வலை கட்டினோம், புகை போட்டோம். நிற்கவில்லை. அத்தை கூலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டது.

பெட்டிக்கடையில் பழைய மிட்டாய் பாட்டில் வாங்கினார். கண்ணாடி பாட்டில், தகர மூடி. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். உள்ளே ஒரு புளியம்பட்டையைச் சாய்த்து வைத்தேன். துடைப்பத்தால் தள்ளிச் சிலந்தியை உள்ளே விட்டேன். அது பட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது உட்கார்ந்துகொண்டே இருந்தது.

அத்தை காலையில் பாட்டிலைக் கொட்டகை ஜன்னலில் வைத்து மூடியைத் திறப்பார். சாயங்காலம் மூடுவார். இடைப்பட்ட நேரம் அதன் வேலை நேரம். அது வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் ஊசி ஈ ஒன்று வந்து பாட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலந்தி அசையவில்லை. ஈ கையைத் தேய்த்துவிட்டுக் கொட்டகைக்குள் போனது.

“புடிச்சிதா?”

“இல்லீங்க.”

“புதுசு. பழகட்டும்.”

முதலில் மல்பரி இலை போட்டார். இந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் என்றார். அது தொடவில்லை. இது கவுச்சி தின்கிற சாதி என்று நான் சொன்னேன். நோய் வந்த புழுவைப் போட்டார். தின்றது. கரப்பான் போட்டார். தின்றது. வாரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் போட்டால் ஒதுங்கிக்கொண்டது.

“கூலி மட்டும் வாங்கிக்கத் தெரியுது. வேல செய்யத் தெரியல.”

வெள்ளிக்கிழமை மட்டும் எதுவும் போடமாட்டார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் யாருக்கும் கவுச்சி கிடையாது.

எறும்பு ஏறாமல் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார். வெயில் காலத்தில் ஈரப் பஞ்சு போட்டார். எல்லாம் பட்டுப்புழுவுக்குச் செய்கிற மாதிரிதான். செய்துகொண்டே திட்டுவார். காது இருந்திருந்தால் அது மலை ஏறியிருக்கும்.

“மலையில கொண்டுபோயி வுட்டுரலாம்ங்க” என்றேன்.

“வேல செய்யாத ஆள அனுப்பினா, அது ஜெயிச்ச மாதிரி. இங்கியே இருக்கட்டும். பாத்துக்கறேன்.”

தை மாதம் வனத்து அந்தோணியார் திருநாள். ஊரில் உள்ள ஆடு மாடு எல்லாவற்றையும் கோயில் வாசலுக்கு ஓட்டி வருவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கொம்பில் வண்ணம் அடித்த மாடுகள் வரிசையாக நின்றன. நடுவில் அத்தை. முந்தானைக்குள் பாட்டில்.

“தோத்திரம் சாமி. இதுக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்க.”

சாமியார் குனிந்து பார்த்தார். தீர்த்தச் செம்பு கையிலிருந்து விழுந்தது. பக்கத்து மாடு மிரண்டது.

“என்னா ஆயா இது?”

“ஆளுங்க சாமி. ஈ புடிக்க வச்சேன். வேல செய்யமாட்டேங்குது. சொல்லிப் பாத்துட்டேன், திட்டிப் பாத்துட்டேன். இனி நீங்கதான்.”

“இது மாடு மாதிரி இல்ல ஆயா. இது ஒக்காந்தே இருக்கற பிராணி. ஆண்டவர் அப்படிப் படைச்சிருக்கார்.”

“ஒக்காந்தே இருக்கறதுக்கு எதுக்கு சாமி எட்டுக் காலு?”

சாமியார் யோசித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் யோசித்தார்கள். அப்புறம் செம்பை எடுத்து, தள்ளி நின்று, நிறையவே தெளித்தார். அது பட்டைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது.

“அசைஞ்சிது” என்றார் அத்தை. அந்த வாரம் முழுவதும் சொன்னார்.

தவக்காலம் வந்தது, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நோன்பு நாட்கள். சிலந்தி கரப்பானைத் தொடவில்லை. அடுத்த வாரமும் தொடவில்லை. எந்தக் கிழமை போட்டாலும் தொடவில்லை.

“பாருங்க மாப்ள. ஒருசந்தி இருக்குது. இந்த ஊட்ல யாரு இப்படி இருக்கறோம்?”

அதுவரை அதைப் பாராட்டி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நாட்களில் இலையும் கத்தியுமாகப் பாட்டில் பக்கத்தில் போய் நிற்பார். திட்டத்தான் போவார். நின்றுகொண்டே இருப்பார். கத்தி ஓடாது. என் மனைவி கதவருகில் நின்று எனக்குச் சைகை காட்டினாள். அவள் அம்மாவின் கை சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்தது. ஊரே கறி தின்றது. அது தின்னவில்லை. அத்தை பயந்தார். பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தெரிந்திருக்காது. மூடியைத் திறந்து விரலை விட்டு முதுகைத் தொட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வுடுங்க. தோலு தளர்ந்திருக்குது. தீனி எடுக்கல. அசையல. இது ஜொரம் மாப்ள.”

“செலந்திக்கா?”

“யாரா இருந்தா என்னா? ஜொரம் ஜொரம்தான். இனி யாரும் தொடக்கூடாது. ஆட்டக்கூடாது. அது எழுந்திருக்கற வரைக்கும் லீவு.”

அந்த வாரமே கண் முகாம் என்று ஆள் வந்து சொன்னார். அதே பள்ளிக்கூடம். முழுப்பரீட்சை லீவு. அத்தை ஒயர் கூடையில் தட்டு, டம்ளர், சோப்பு, சேலை வைத்தார். மேலே பாட்டிலை வைத்தார்.

“அது எதுக்கும்மா?” என்றாள் என் மனைவி.

“இங்க வுட்டா நீ ஆட்டிடுவ.”

மனைவி மாசமாக இருந்தாள். அதனால் துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் அத்தை மடியில் பாட்டில். பள்ளம் வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். டிரைவரைப் பெயர் சொல்லி வைதார்.

அறுத்தார்கள். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். பெரிய வகுப்பறை. ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் பெஞ்சு அடுக்கித் தடுப்பு. பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் கட்டு. டாக்டர் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார்.

“யாரும் எந்திரிக்கக்கூடாது. கத்தக்கூடாது. இருமல் வந்தாகூட மெதுவா. பதறி எழுந்தீங்கன்னா கண்ணு போயிரும்.”

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன வருஷம் துடைப்பம் பிடுங்கிய அம்மாதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் போய்ப் பார்த்தேன். அத்தை பாட்டிலை வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

“அத்தை?”

“பேசாதீங்க. பாட்டில் ஆடுது.”

அன்று அவர் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. தரை கூட்டினார்கள். மோசமாகத்தான் கூட்டினார்கள். எனக்கே தெரிந்தது. அத்தையின் புருவம் கட்டுக்குக் கீழே சுருங்கியது. ஆனால் எழவில்லை. அவ்வப்போது கேட்பார்.

“இருக்குதா?”

நான் பார்ப்பேன். பட்டை ஓரத்தில் காலை மடக்கிக்கொண்டு கிடக்கும்.

“இருக்குதுங்க.”

“அசையுதா?”

“இல்லீங்க.”

“நல்லது.”

கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. காலையில் காபி வாங்கி வந்தேன். இரவு அத்தை தூங்கியதும் நான் இறக்கி வைத்த பாட்டில் பாய் ஓரத்தில் இருந்தது. அதன் மேல் ஜன்னல் வெயில் விழுந்தது. வெயில் சிலந்தியின் காலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. குனிந்து பார்த்தேன். முதுகு மூடி மாதிரி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தோல். இத்தனை நாள் தோலைப் பார்த்துத்தான் இருக்குது இருக்குது என்று சொல்லியிருக்கிறேன்.

தகர மூடி தரையில் கிடந்தது.

பக்கத்துப் பாயில் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா. என் சத்தம் கேட்டுப் பேசினார்.

“தப்பா நெனைக்காத சாமி. வாய் கசந்துது. மிட்டாய் பாட்டில்னு சொன்னாங்களே, ஒண்ணு எடுத்துக்கலாம்னு கைய வுட்டேன். மிட்டாயக் காணம். அப்பளமாட்டம் என்னமோதான் கெடந்துது.”

“எப்பங்க?”

“இப்பதான், நீ வெளிய போனியே.”

அறையைப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் கட்டுப் போட்ட ஆட்கள். எழக்கூடாது, கத்தக்கூடாது. யாருக்கும் கண் தெரியாது. நடுவில் எங்கேயோ அது. ஒரு ஆள் காலில் ஏறினால் போதும். அவர் கத்துவார். அவர் கத்தினால் எல்லோரும் எழுவார்கள். எல்லோர் கண்ணும் போகும். அத்தை கண்ணும்தான்.

“இருக்குதா மாப்ள?” என்றார் அத்தை.

இல்லை என்றால் அவர்தான் முதலில் எழுவார்.

“இருக்குதுங்க” என்றேன். எங்கே என்று சொல்லவில்லை.

தேட ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாயாகப் போனேன். போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். தலையணை அடியில் கை விட்டேன்.

“யாருய்யா போர்வைய இழுக்கறது?”

“சுருங்கி இருக்குதுங்க. சரி பண்றேன்.”

“நல்லா இருப்ப.”

இப்படி எல்லோர் போர்வையையும் சரி செய்தேன். செருப்புகளைத் தட்டி வரிசையாக வைத்தேன். வாளிகளைக் கவிழ்த்துக் கழுவினேன். தடுப்பைத் தாண்டி ஆண்கள் பக்கமும் போனேன். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றார். நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் கரும்பலகையையும் துடைத்துவிடச் சொன்னார். துடைத்தேன். அதன் பின்னாலும் இல்லை.

மத்தியானம் நர்ஸம்மா ஊசியோடு வந்தார். அத்தை பாய்க்கு வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

“ஆயா, கையக் குடு.”

அத்தை இடது கையை நீட்டினார்.

“வலது கைக்கு என்னா? போர்வைக்குள்ளயே வச்சிருக்கற?”

“செபமாலைங்க.”

நர்ஸம்மா முகம் இளகியது. இடது கையிலேயே போட்டுவிட்டுப் போனார். நான் ஒயர் கூடையைப் பார்த்தேன். செபமாலை கூடைக்குள் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினேன். அத்தையின் வலது உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. அதன் மேல் அது. புதுத் தோல். முன்பைவிடப் பெரிதாக, மஞ்சள் பட்டை பளிச்சென்று. ஒரு கால் மணிக்கட்டைத் தாண்டி நீண்டிருந்தது.

“பாத்துட்டீங்களா?” என்றார் மெல்ல.

“பாத்துட்டேங்க. எப்பலேர்ந்துங்க?”

“நீங்க காபிக்குப் போனப்பவே. மலைக்காரம்மா மூடியத் தொறந்துது. இது ஏறி வந்துது. கையக் குடுத்தேன். ஒக்காந்துடுச்சு.”

“காலைலேர்ந்து தேடறேன்ங்க.”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமேங்க.”

“சும்மாதானே ஒக்காந்திருந்தீங்க. செருப்பெல்லாம் அடுக்குனாப்பல ஆச்சு.”

பாட்டிலைக் கொண்டுவந்து கையோரம் சாய்த்தேன். அத்தை வேண்டாம் என்றார்.

“புதுத் தோலு. தள்ளுனா காலு ஒடிஞ்சிரும். அதுவா எறங்கட்டும்.”

“கடிச்சிருச்சுன்னா?”

“கடிச்சா மெதுவாக் கத்தறேன்.”

அது இறங்கவில்லை. அதற்கு எந்த அவசரமும் இல்லை. அத்தை மூக்கில் ஈ உட்கார்ந்தது. நான் ஓட்டினேன். தண்ணீர் கேட்டார். டம்ளரை வாயில் வைத்தேன். முகத்தைப் பார்த்தேன். வலியில் இருக்கிற முகம் இல்லை. என்னென்னவோ வேலை வாங்கிய அந்த முகம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

“கை வலிக்குதுங்களா?”

“இல்ல மாப்ள.” அப்புறம் கேட்டார். “எதுவும் பண்ணலன்னா இப்படித்தான் இருக்குமா?”

“எப்படிங்க?”

தூங்கிவிட்டார். கை மட்டும் தூங்கவில்லை, விரித்தபடியே இருந்தது. சாயங்காலம் ரொட்டி கொடுக்கிற நேரத்தில் அது கையிலிருந்து இறங்கி, சாய்த்து வைத்த பாட்டிலுக்குள் போனது. மூடியை இறுக்கினேன். அதன் மேல் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார்.

“எத்தனைம்மா?”

“ரெண்டு. நகத்த வெட்டுங்க.”

கண் இருந்தது. என் மனைவிக்குச் சொல்ல நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். அங்கே போனதும்தான் அவள் ஊரில் இருக்கிறாள் என்று நினைவு வந்தது. திரும்பி வந்தேன்.

சில வாரம் கழித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். சோடா பாட்டில் அடி மாதிரி தடிமன். அதைப் போட்டால் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஒரு சுற்றுப் பெரிதாகவும் தெரியும். அத்தை வீட்டு வாசலில் நின்று போட்டுக்கொண்டார். முதலில் என்னைப் பார்த்தார். கல்யாணத்தின்போதே அவருக்குப் புரை. என் முகத்தை அன்றுதான் பார்க்கிறார்.

“மாப்ள, நீங்க இவ்வளவு கருப்புன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

“கேக்கலீங்களே.”

மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கொட்டகைக்குள் போய்த் தட்டுகளைப் பார்த்தார். ஓரமெல்லாம் அழுக்கு என்று என் மனைவியைத் திட்டினார். பிறகு ஜன்னலுக்கு வந்தார். பாட்டிலைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

அது பட்டைக்கு வெளியே இருந்தது. புதுத் தோல், நீண்ட மயிர், எட்டுக் கண்.

அத்தை கத்தவில்லை. பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். வெளியே நடந்து போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். கை மடியில் இருந்தது. ஒரு வேலையும் செய்யவில்லை. நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. என் மனைவி என்னை அனுப்பினாள்.

“அத்தை?”

“இதையா நான் கையில வச்சிருந்தேன்?”

“ஆமாங்க.”

“பொழுதுக்கும்?”

“ஆமாங்க.”

“நீங்க சொல்லக்கூடாதா?”

“சொன்னேன்ங்க. கை அகலம்னு.”

“அகலம் சொன்னீங்க. மூஞ்சியச் சொல்லலியே.”

மலையில் கொண்டுபோய் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அத்தை கிணற்றைப் பார்த்தார்.

“தீனி வச்சி எத்தனி நாளாச்சு?”

“வாரம் ஆவுதுங்க.”

எழுந்தார். கொட்டகைக்குப் போனார். கரப்பான் டப்பாவை எடுத்தார். ஜன்னல் முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அப்புறம்தான் மூடியைத் திறந்தார்.

“பயமாங்க அத்தை?”

“எனக்கென்னா பயம்? கண்ணாடிக்குத்தான் பயம்.”

கரப்பானைப் போட்டார். விரலை உள்ளே விட்டு, மங்கலாகத் தெரிந்த அந்த முதுகை ஒருமுறை தடவினார். கண்ணாடியைக் கேட்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.